ஊக்கு

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஒரு நாற்காலி, ஒன்றரைக் கண்ணாடி.
அந்த அரை, வீட்டுக்காரர் மகன் பந்தடித்ததில் மிச்சம்.
வாடகை பாக்கி இல்லாத மாதங்களில்
நான் அழகுக்கலை நிபுணர்.
மற்ற மாதங்களில் ஜெஸிந்தா.

கேட்கிறவர்களுக்குச் சொல்வேன்:
வட்ட முகமா, புருவத்தை வில்லாய் வளைக்காதே,
கடைசியில் கொஞ்சம் தூக்கி விடு.
எலுமிச்சம்பழம் பூசிக்கொண்டு மதுரை வெயிலில் இறங்காதே,
அது கறி வறுக்கிற முறை.
உதட்டுச் சாயத்தைப் புறங்கையில் தடவிப் பார்க்காதே,
விரல் நுனியில் தடவு.
உதட்டின் நிறம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.
சுங்குடி கட்டுகிற அன்று கழுத்தைச் சும்மா விடு,
அத்தனை புள்ளியும் பேசும்போது நீ ஏன் குறுக்கே?
குட்டையான உடம்புக்குப் பெரிய பார்டர் வேண்டாம்.
பிடித்திருந்தால் கட்டிக்கொள்,
என்னிடம் கேட்டுவிட்டு மட்டும் கட்டாதே.

வியாழன் விட்டு வியாழன் வருவாள் பாண்டிச்செல்வி,
கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறவள்.
இருபது நிமிடம்தான்.
மடியில் வாக்கி டாக்கி கரகரத்துக்கொண்டே இருக்கும்.
தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் இரண்டு ஊர்:
மேலே கொடைக்கானல்,
கீழே மேலூர்.
"இந்தக் கோட்ட மட்டும் அழிச்சுக் குடுங்கக்கா."

தயிர், கடலைமாவு, என் கட்டைவிரல்.
"ரெண்டு மணிக்கொரு தரம் சன்ஸ்கிரீன் போடு" என்றேன்.
"எப்பக்கா? பச்சை விழுறப்பவா, செகப்பு விழுறப்பவா?"
சுவரில் மாட்டிய என் டிப்ளமோவைப் பார்த்தேன்.
அதற்கும் தெரியவில்லை.

காக்கிக்குப் பூ ஆகாது. தொங்கட்டான் ஆகாது.
நகப்பூச்சாவது வை என்று கையைப் பிடித்தால்
இழுத்துக்கொண்டு
குனிந்து ஷூவை அவிழ்த்தாள்.
சாக்ஸுக்குள்ளே பத்து நகமும் நாவல்பழம்.
சுண்டுவிரலில் மட்டும் ஒரு வெள்ளிப் பொட்டு.
"இது யாரு பாக்கடி?"
"யாரும் பாக்க வேணாம்க்கா.
நாள் பூரா நிக்கிறது இதுங்கதான."

தேரன்று என் புத்தி எனக்கே கேட்கவில்லை.
ஆரஞ்சுப் பட்டு, இரண்டரை அங்குலக் குதிகால்,
இரட்டை வடச் சங்கிலி,
சித்திரை வெயிலில் ஃபவுண்டேஷன் வேறு.
மாதா பார்த்திருந்தாலும்
போறதுக்கு இல்லடி, போட்டுக்கிட்டுப் போனதுக்குத்தான்
திட்டியிருப்பாள்.
கூட்டம் என்னைத் தூக்கிப்போய்
மேல மாசி வீதி முக்கில் வைத்தது.
மெகாஃபோனில் தெரிந்த குரல்:
"தாய்மார்களே, சங்கிலியச் சேலையோட சேத்துப் பின் குத்திக்கங்க.
கொலுசு போட்ட பிள்ளைகளத் தூக்கிக்கங்க.
அந்த ஹீல்ஸ் போட்ட அக்கா, ஓரமா வாங்க."

என்னைத்தான்.

சட்டைப் பையில் ஒரு கொத்து ஊக்கு.
ஒன்றைப் பல்லால் திறந்தாள்.
சங்கிலியைப் பின்கழுத்தில் ரவிக்கையோடு சேர்த்துக் குத்தினாள்,
பட்டில் ஒரு நூல் நெளியவில்லை.
கல்யாணப் பெண்ணுக்குக்கூட நான் இவ்வளவு பதமாய்க் குத்தியதில்லை.
"கவரிங்குடி" என்றேன் அவள் காதில்.
"அறுக்கிறவனுக்குத் தெரியுமாக்கா?
கழுத்தும் கவரிங்கா?"

செருப்பு கைக்கு வந்தது.
தண்ணீர் லாரி நனைத்த தாரில் வெறுங்கால் வைத்தேன்.
வடம் இறுகி, தேர் அசைந்து,
ஊரே மேலே பார்த்துக் கும்பிட்டபோது
நான் அவள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரோ மிதித்த மண் தடம்.
உள்ளே பத்து நாவல்பழம்.

இப்போதெல்லாம் கண்ணாடி முன் வருகிறவர்களிடம்
முகவெட்டு, தோலின் தன்மை, விசேஷம் எப்போது
எதையும் முதலில் கேட்பதில்லை.
"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் நிப்பீங்க?"
பலர் சிரிக்கிறார்கள்.
ஒருத்தி வேறு கடைக்குப் போய்விட்டாள்.

நேற்று விளக்குத்தூண் ஜவுளிக்கடையிலிருந்து
ஒரு பிள்ளை வந்தது.
கேள்வியைக் கேட்டதும் நாற்காலியைத் தொட்டுக்கொண்டு சொன்னது:
"உக்காந்துட்டுச் சொல்லவாக்கா?"